இருபது வருடம் விடுதியில் நின்றவருக்கு முதுமாணி எதற்கு?

கேள்வி: 2024 பெப்ரவரி 3 (மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்)

நான் பதினேழு வருடமாகத் தாதிய உத்தியோகத்தர். எங்கள் வைத்தியசாலை விடுதியில் இளையவர் ஒருவர் முதுமாணிப் பட்டப்படிப்புக்குப் பதிந்திருக்கிறார். தலைமைத்துவம், முகாமைத்துவம் என்று பாடங்களாம். ஊசி போடத் தெரியாதவருக்குப் படிப்பு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நாற்பது நோயாளிகளை இரண்டு பேராக விடியும்வரை பார்த்தவர்களுக்குத் தலைமைத்துவத்தைக் கொழும்பில் யார் படிப்பிக்கப் போகிறார்கள்? ஒரு கடதாசியும் ஒரு சம்பளப் படியும். அதற்கு மேல் இதில் ஏதாவது இருக்கிறதா? படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 4

உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். போன வருடம் இதே கேள்வியை நானும் கேட்டேன், உங்களை விடச் சூடாக. இப்போது முதுமாணியில் இரண்டாம் வருடம். எங்கே வேலை, எங்கே படிப்பு என்று எழுதமாட்டேன். வன்னியில் தாதியரை எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலே இரண்டு பேராவது "மிஸ், இந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னுக்கா பின்னுக்கா" என்று மறிப்பார்கள்.

சம்பளப் படியை முதலில் முடித்துவிடுகிறேன். அதற்காகத்தான் என்றால் படிக்க வேண்டாம். கட்டணம், கொழும்புக்கு இரவு பஸ், தங்குமிடம், அச்சுப் பிரதி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்தப் படி அதை அடைத்து முடிக்க எனக்கு ஓய்வூதிய வயது வந்துவிடும்.

மிச்சத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. என் இருபத்தொரு வருட வேலையில் தெரிந்துகொண்டதில் பெரும்பகுதியை எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. மற்றப் பாதியை இரவு எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 6

இரவு எழுதுகிறேன் என்றேன். தூங்கிவிட்டேன்.

மற்றப் பாதி இதுதான். எனக்கு நியமனம் கிடைத்தது 2003 இல். போரில் மூடிக் கிடந்த ஏ9 வீதி திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் ஓடியது, மருந்து வந்தது, இனி எல்லாம் சரி என்று நினைத்தோம். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி பூட்டப்பட்டது. 2008 கடைசியில், போர் நெருங்கியபோது, கிளிநொச்சி வைத்தியசாலையைக் கழற்றி ஏற்றிக்கொண்டு தருமபுரம் போனோம். கட்டில், சேலைன் கம்பி, கிருமி நீக்கும் பாத்திரம், எல்லாம் லொறியில். அப்போது எனக்கு முப்பது வயது. அங்கே யாரிடமும் நான் அபிப்பிராயம் கேட்கவில்லை. நீ இதைப் பிடி, நீ அங்கே ஓடு, நீ அழாதே, அழுவதென்றால் வெளியே போய் அழுதுவிட்டு வா. என் குரல் தடித்தது அங்கேதான். அந்த இடத்துக்கு அது சரி. இன்றைக்கும் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

முதல் தவணையில் குர்ட் லெவின் என்பவரின் ஆய்வைப் படிப்பித்தார்கள். 1939 இல் அவரும் இரண்டு துணை ஆய்வாளர்களும் பத்து வயதுச் சிறுவர்களைக் கழகங்களாகச் சேர்த்து முகமூடி செய்யும் வேலை போன்றவற்றைக் கொடுத்து, வளர்ந்த ஒருவரைத் தலைவராக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிகாரமாக நடத்தும் தலைவர், கலந்து பேசி நடத்தும் தலைவர், எப்படியும் போகட்டும் என்று விட்டுவிடும் தலைவர் என்று மூன்று வகை. நீங்கள் எந்த வகை என்று விரிவுரையாளர் கேட்டார். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் கலந்து பேசும் வகை என்றார்கள். நான் மட்டும் எழுந்து, நான் அதிகார வகை, நெருக்கடியில் அதுதான் உயிர் காக்கும் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அந்த நெருக்கடி எப்போது முடிந்தது?" என்று மட்டும் கேட்டார். 2009 என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

அன்றிரவு பஸ் ஓமந்தை தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. இடம்பெயர்ந்த சனம் எல்லாம் ஊர் திரும்பி, வீடு கட்டி, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தும் ஆயிற்று. நான் மட்டும் இன்னும் தருமபுரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

2024 பெப்ரவரி 7

"அக்கா, நீங்கள் கத்துவீர்கள் என்று எங்களுக்கும் தெரியும்" என்று ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். தம்பி, நீ யார் என்று எனக்கும் தெரியும்.

2024 பெப்ரவரி 9

பாதை எப்படி என்று மூன்று பேர் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். ஆர்வமில்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

மூன்று வருடத் தாதியர் டிப்ளோமாவை வைத்துக்கொண்டு நேரே முதுமாணிக்குப் போக முடியாது. நடுவில் இளமாணி, அதாவது முதல் பட்டம், வேண்டும். வேலையில் இருப்பவர்களுக்கு வழி திறந்தது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1994 இல் அங்கே தாதியத் துறை இளமாணியைத் தொடங்கினார்கள். வேலையை விடாமல் தொலைக்கல்வியாகப் படிக்கலாம். நானும் அந்த வழிதான். இப்போது வரும் இளையவர்கள் பலர் யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர என்று பல்கலைக்கழகத்திலிருந்து பட்டத்தோடேயே விடுதிக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

முதுமாணியில் இரண்டு வகை. பட்டங்களைத் தரம் பிரிக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9 ஆம் மட்டம் பாடநெறி முதுமாணி, 30 திறமைப்புள்ளி (கிரெடிட்). 10 ஆம் மட்டம் ஆய்வும் சேர்ந்தது, 60 திறமைப்புள்ளி. ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலப் படிப்பு என்பது கணக்கு. 30 ஐ 50 ஆல் பெருக்கினால் 1,500 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பங்கிட்டால் கிழமைக்கு 14 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். விண்ணப்பிக்கும்போது இந்தக் கணக்கை எனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. கிழமைக்கு 14 மணித்தியாலத்தை எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் வீட்டில் கேளுங்கள். நான் தூக்கத்திலிருந்தும் மாமியாரின் பொறுமையிலிருந்தும் எடுத்தேன்.

கொழும்பில்தான் என்று இல்லை. ஆனால் எங்கே போனாலும் கட்டுரை ஆங்கிலத்தில்தான். நாற்பத்தைந்து வயதில் ஆங்கிலத்தில் மூவாயிரம் சொல் எழுதுவது தனி வேதனை. மேற்கோள் அடைப்புக்குறிக்குள் புள்ளி எங்கே, கமா எங்கே என்று உயர்தரம் படிக்கும் மகன் எனக்குப் படிப்பிக்கிறான். அவனுக்குப் பத்து வயதில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது நான் அடித்த அடி எல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது, அவனுக்கும்.

2024 பெப்ரவரி 9, சற்றுப் பிந்தி

அம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போய், இதற்குப் பிறகு பி.எச்.டி என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "அதைத்தானே இருபது வருடமாக ஒவ்வொரு கட்டிலிலும் எழுதித் தொங்கவிடுகிறாய்" என்கிறார். அது பீ.எச்.ரி அம்மா, நோயாளியின் படிவம்.

2024 பெப்ரவரி 26

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "அனுபவம் என்பது அனுபவம்தான். பெரியதைச் செய்தவருக்குச் சின்னது தானாக வரும்" என்கிறார்.

இதற்குத்தான் பற்றீசியா பென்னரைப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தாதி. 1980களின் தொடக்கத்தில், தாதி ஒருவர் எப்படித் தேர்ச்சி அடைகிறார் என்று ஐந்து படிகளாக எழுதினார். புதியவர், சற்றுப் பழகியவர், தகுதியானவர், கைதேர்ந்தவர், நிபுணர். படிகளை அவர் புதிதாக உண்டாக்கவில்லை. சதுரங்கம் ஆடுபவர்களையும் விமானிகளையும் பார்த்து ட்ரைஃபஸ் சகோதரர்கள் வகுத்ததை எடுத்துத் தாதியத்தில் வைத்துப் பார்த்தார். நிபுணர் விதியைப் பார்ப்பதில்லை, நோயாளியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாடித்துடிப்பு, அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் "ஐயாவின் முகம் சரியில்லை" என்று டொக்டரைக் கூப்பிடுவோம். அரை மணித்தியாலத்தில் அவர் விழுவார்.

நான் கவனிக்காமல் விட்டது அதற்கு அடுத்த வரி. நிபுணரைப் பழக்கமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் அவரும் புதியவரே. சத்திரசிகிச்சை விடுதியில் பத்து வருடம் நின்றவரைக் குழந்தைகள் விடுதியில் விட்டால் ஒரு கிழமை தடுமாறுவார். அதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பொறுப்புத் தாதியாக்கினால்? நோயாளியைப் பார்க்கும் வேலை வேறு, நோயாளியைப் பார்ப்பவர்களைப் பார்க்கும் வேலை வேறு. முதல் வேலையில் நான் நிபுணர். இரண்டாவதில் முதல் படியில் நின்றுகொண்டு, மேல்படியின் மிடுக்கோடு எட்டு வருடம் நடமாடினேன்.

அந்த எட்டு வருடமும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா? அதுதான் விஷயமே. அதைத் தனியாக எழுத வேண்டும்.

2024 மார்ச் 1

படித்ததை வேலையோடு பொருத்திப் பார்ப்பதற்கு கிப்ஸ் என்பவரின் ஐந்து படிகள் இருக்கின்றன, 1988 இல் வந்தது, அதைத் தேடிப் படியுங்கள் என்று ஒருவருக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தேன். ஐந்து அல்ல, ஆறு. நடந்தது என்ன, என்ன உணர்ந்தாய், எது நல்லது எது கெட்டது, ஏன் அப்படி, வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். ஐந்து என்பது பென்னருடையது. இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன். நான் விட்டுவிட்ட படி எது என்று பார்த்தால் இரண்டாவது. என்ன உணர்ந்தாய் என்பது.

2024 மார்ச் 8

இன்று சிவராத்திரி. ஊர் முழுக்கக் கோயிலில் கண்விழிக்கிறது. எனக்கு இரவுக் கடமை, எப்படியும் கண்விழிப்புத்தான். விடுதி அமைதியாக இருப்பதால் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

விடுதியில் தவறுகளைப் பதிய ஒரு புத்தகம் இருக்கும். மருந்து மாறியது, நோயாளி விழுந்தது, மாற இருந்து தப்பியது, எல்லாம் எழுத வேண்டும். என் விடுதியில் அந்தப் புத்தகம் மூன்று வருடம் வெறுமையாக இருந்தது. தரப் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் நானே எடுத்து விரித்துக் காட்டுவேன். பாருங்கள், ஒன்றும் இல்லை. பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் தவணையில் ஏமி எட்மண்ட்சன் என்பவரின் ஆய்வு ஒன்றைப் படிக்கத் தந்தார்கள், 1996 இல் வெளியானது. வைத்தியசாலை விடுதிகளில் மருந்துத் தவறுகளை எண்ணியிருக்கிறார். நன்றாக நடத்தப்படும், ஒற்றுமையான விடுதியில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கியிருக்கிறார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல விடுதிகளில்தான் தவறு கூடுதலாகப் பதிவாகியிருந்தது. தோண்டிப் பார்த்தால், அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, நடந்ததைச் சொல்லப் பயமில்லை. பொறுப்பாளர் கடுமையாக இருந்த விடுதிகளில் வாய் பூட்டிக் கிடந்தது.

கொழும்பில் நான் தங்கிய அறையின் கட்டிலில் இருந்து அதைப் படித்தேன். மூன்று வருட வெள்ளைத் தாள்கள் கண்முன் வந்தன. எழுந்து போய் முகம் கழுவினேன்.

2024 மார்ச் 9

கடமை முடிந்து வந்து எழுதுகிறேன், நேற்றைய குறிப்பில் ஒரு துண்டு விட்டுப்போயிற்று. வேண்டுமென்றேதான் விட்டேன்.

அந்தப் புத்தகம் வெறுமையாகிப் போனதற்கு ஒரு நாள் உண்டு. இன்சுலின் 4 அலகு என்று படிவத்தில் எழுதியிருந்தது. அலகு என்பதற்கு ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தைப் போடும் பழக்கம் இருக்கிறதல்லவா, அவசரமாக எழுதினால் அதன் வாய் மூடிப் பூச்சியம் போலாகிவிடும். 4 அலகு 40 ஆகிவிட்டது. வேலைக்கு வந்து ஐந்து மாதமான பிள்ளை 40 ஐ ஊசியில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனது. பக்கத்துக் கட்டிலில் நின்ற மற்றத் தாதி, இவ்வளவு ஏன் என்று கேட்டதால் நோயாளி தப்பினார். அந்தப் பிள்ளை தானாகவே நடந்து வந்து என்னிடம் சொன்னது. நோயாளிகளின் உறவினர் நிற்கும் நடைபாதையில் வைத்து நான் அதைப் பேசிய பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல.

அதற்குப் பிறகு ஒருவரும் நடந்து வந்து ஒன்றும் சொல்லவில்லை. விடுதி திருந்திவிட்டது என்று நான் நினைத்தேன்.

நான் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. 'யூ' வைத் தடை செய்து, அலகு என்பதை முழுச் சொல்லாக எழுதச் சொல்லியிருந்தால் போதும். இந்த ஒற்றை எழுத்து ஆபத்து உலகம் முழுக்கத் தெரிந்தது, பயன்படுத்தக் கூடாத சுருக்கெழுத்துப் பட்டியல்களில் முன்வரிசையில் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்தது. இருபது வருட அனுபவம் அந்த எழுத்தைக் காட்டித் தரவில்லை, ஏனென்றால் என் கண் எப்போதும் அதைச் சரியாகவே வாசித்தது.

அந்தப் பிள்ளை இப்போது நாட்டில் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியோடு வெளிநாடு போனவர்களில் ஒருவர். போனது என்னால் என்று சொல்லமாட்டேன், அந்த வருடம் யார்தான் போகவில்லை. ஆனால் பிரியாவிடைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

2024 ஏப்ரல் 17

வருடப் பிறப்பு விடுமுறையில் பாதி ஒப்படைக் கட்டுரையில் போயிற்று. மீதி பலகாரத்தில்.

படித்ததில் விடுதிக்கு நேரே எடுத்துப்போகக்கூடியது ஏதாவது சொல்லுங்கள், கோட்பாடு வேண்டாம் என்று ஒருவர் கேட்கிறார். சரி. தொலைபேசியில் டொக்டரிடம் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லும் ஒழுங்கு. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து வந்த முறை. கொலராடோவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் ஆட்கள் அதை வைத்தியசாலைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். கடலையே காணாத மல்லாவிப் பிள்ளைகளுக்கு நான் நீர்மூழ்கியைப் படிப்பித்தேன்.

முதல் மூன்றும் உடனே பிடிபட்டன. நான்காவதில்தான் வண்டி நின்றது. "டொக்டர், நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்" என்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நாங்கள் எப்படிச் சொல்வது, மரியாதை இல்லாதது போல் இருக்குமே என்கிறார்கள். "சும்மா சொன்னேன் டொக்டர்" என்று தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். சொல்லத்தான் கூப்பிட்டதே!

மாலை இருமுறை நடித்துப் பார்த்தோம். நான் டொக்டர், அவர்கள் தாதி. பிறகு அவர்கள் டொக்டர், நான் தாதி. ஒரு பிள்ளை டொக்டராக நடித்து என்னைப் பேசிய பேச்சில் விடுதி சிரித்துக் குலுங்கியது. அந்தக் குரல் டொக்டருடையது அல்ல, என்னுடையது என்று இரண்டு நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

2024 மே 12

சர்வதேச தாதியர் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1820 இல் பிறந்த நாள். விளக்கேற்றி, கேக் வெட்டி, விளக்கேந்திய சீமாட்டி என்று பேசினார்கள். அவருடைய விளக்கை விட அவருடைய கணக்கு பெரிது என்று நான் பேசினேன். கிரிமியப் போரில் காயத்தால் இறந்த படையினரை விட நோயால் இறந்தவர்களே கூட என்பதை வட்ட வரைபடமாக வரைந்து ஆட்சியில் இருந்தவர்களின் முகத்துக்கு முன் பிடித்தார். 1858 இல் லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண். கத்தாமல் தலைமை தாங்கியவர், அதைக் கவனியுங்கள் என்று முடித்தேன். கைதட்டினார்கள். கேக்கைப் பார்த்துக்கொண்டு தட்டினார்கள்.

ஆனால் வன்னியில் இந்த நாளுக்கு இன்னொரு முகம் உண்டு. 2009 மே 12 அன்று முள்ளிவாய்க்காலில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலை மீது எறிகணை விழுந்தது. நான் அன்று அங்கே இல்லை. ஏப்ரலில் வெளியே வந்து செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தேன். என்னோடு வேலை செய்தவர்கள் உள்ளே இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் பன்னீரும் சந்தனமும் வைத்து வாசலில் நிற்கும் இளையவர்களைப் பார்க்கிறேன். பாதிப் பேர் அப்போது பாலர் வகுப்பு.

இன்று இதற்கு மேல் எழுத வரவில்லை.

2024 ஜூன் 2

"எல்லோரிடமும் கேட்டு நடத்தினால் விடுதி சந்தையாகிவிடும்" என்று மார்ச்சிலேயே ஒருவர் எழுதியிருந்தார். அப்போது பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நீங்கள் சொன்னது சரி, ஐயா.

படித்த உற்சாகத்தில் மே மாதக் கடமைப் பட்டியலை அவர்களே போடட்டும் என்று விட்டேன். வெற்றுத் தாளை ஒட்டி, விரும்பிய நாளை எழுதுங்கள் என்றேன். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த இரவு விடுமுறை. கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு பேரை வைத்து இரவை ஓட்டலாம் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள், அந்த இரண்டு பேரிடம் கேட்காமல். ஒருத்தி அழுதாள். ஒருத்தி மேற்றனிடம் போய்விட்டாள். கடைசியில் பொங்கல் இரவு நானே நின்றேன், நேர்த்திக்கடனை மனத்துக்குள் தள்ளிவைத்து.

லெவினின் மூன்றாவது வகையை நினைவிருக்கிறதா, எப்படியும் போகட்டும் என்று விடுவது? கலந்து பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் செய்தது அதுதான். ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குத் தாவிவிட்டேன். இப்போது பட்டியலை நான் போடுகிறேன், ஆனால் முதலில் பென்சிலால். மூன்று நாள் சுவரில் தொங்கும். மாற்றம் கேட்பவர் யாரோடு மாறுகிறார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பிறகு பேனா.

பெப்ரவரி 6 இல் எழுதியதையும் கொஞ்சம் திருத்துகிறேன். தருமபுரத்துக் குரல் இப்போது தேவையே இல்லை என்பது போல் எழுதிவிட்டேன். போன கிழமை இதயம் நின்றுபோன ஒருவருக்கு அந்தக் குரலால்தான் வேலை செய்தோம். நீ நெஞ்சை அழுத்து, நீ மருந்தை எடு, நீ நேரத்தைச் சொல்லு. அங்கே வாக்கெடுப்பு வைக்க முடியாது. அவர் பிழைத்தார். குரலை எப்போது இறக்கி வைப்பது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

2024 செப்டம்பர் 15

ஆய்வு முன்மொழிவு திரும்பி வந்துவிட்டது. தலைப்பு மிகவும் அகலமாம். வன்னி முழுவதையும் ஆராயப் புறப்பட்டிருந்தேன். இப்போது ஒரே விடுதி, ஒரே புத்தகம்.

2024 நவம்பர் 29

மூன்று நாளாக மழை. உயர்தரப் பரீட்சையையே ஒத்திவைத்துவிட்டார்கள், மகன் வீட்டில் நகம் கடித்துக்கொண்டு இருக்கிறான். இந்த மழையைப் பார்த்தால் 2018 டிசம்பர் நினைவுக்கு வருகிறது.

அந்த வெள்ளம் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. 21 ஆம் திகதி இரவு மழை ஊற்றியது, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள், விடியும்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வயல் எது வீதி எது என்று தெரியவில்லை. காலைக் கடமைக்கு வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. இரவு நின்றவர்களை நான் வீட்டுக்கு விடவில்லை. பகல் முழுக்க, மறுநாள் இரவு முழுக்க. சமாளித்துவிட்டோம். அதை என் பெரிய வெற்றியாகப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். முதுமாணி நேர்முகத் தேர்விலும் சொன்னேன்.

நேற்று எங்கள் சிற்றூழியர் அண்ணையோடு தேநீர் குடிக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. "அன்று பின்னேரமே எனக்குத் தெரியும் மிஸ்" என்றார். அவருடைய தம்பி குளத்துக்குக் கீழே வயல் செய்பவர். தண்ணீர் வரப்போகிறது, பாதை மூடும் என்று நான்கு மணிக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். ஏன் அண்ணை சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் மருந்து கொடுக்கிற நேரம். குறுக்கே வந்தால் பேசுவீர்கள்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

நான்கு மணிக்குத் தெரிந்திருந்தால் உழவு இயந்திரத்தில் நாலு பேரை முன்கூட்டியே கொண்டுவந்து தங்கவைத்திருக்கலாம். முப்பத்தாறு மணித்தியாலம் ஒருவரும் நின்றிருக்கத் தேவையில்லை. என் பெரிய வெற்றி ஆறு வருடம் கழித்து ஒரு கோப்பைத் தேநீரோடு கரைந்து போயிற்று.

இம்முறை அவரிடம் நானே போய்க் கேட்டேன், குளம் எப்படி என்று. இரண்டு பேரை இரவே தங்கச் சொல்லிவிட்டேன்.

2025 ஜனவரி 19

இந்த இழையைத் தொடங்கியவர் "அப்படியென்றால் படிக்கச் சொல்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார். கிழமைக்கு 14 மணித்தியாலம் இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விடுதியின் தவறுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

என் புத்தகத்தில் கடந்த ஆறு மாதத்தில் 23 பதிவுகள். மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது, முன்பு ஒன்றும் இல்லாத விடுதியில் இப்போது ஏன் இத்தனை, கவனக்குறைவா என்று. எட்மண்ட்சனை இணைத்து இரண்டு பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. வாசித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை.

23 ஆவது பதிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி 2 க்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கிறதா என்று நாளுக்கு இருமுறை பார்த்துக் குறிக்க வேண்டும். தைப்பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் அது குறிக்கப்படவில்லை. அன்று பின்னேரம் அதற்குப் பொறுப்பு நான். "பொறுப்புத் தாதி வெப்பநிலை குறிக்கவில்லை" என்று ஒரு வரி, பெயர் இல்லாமல். கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. வேலைக்கு வந்து நான்கு மாதம்.

கேட்கவில்லை. கீழே "என் தவறு" என்று எழுதி ஒப்பமிட்டேன். கோபம் அடங்க அரை மணித்தியாலம் பிடித்தது.